தலைக்கு 20 ரூபாய்: தாதாபாய் நவ்ரோஜி போட்ட கணக்கு

வி.டி. என்று நாம் இன்னும் சொல்லி வரும் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸை விட்டு வெளியே வந்தால் எதிரே ஓடுவது டாக்டர் தாதாபாய் நவ்ரோஜி சாலை. சுருக்கமாக டி.என். ரோடு. கிராபர்ட் மார்க்கெட்டிலிருந்து புளோரா பவுண்டன் வரை போகும் இந்தச் சாலைக்கு முன்பு ஹார்ன்பி ரோடு என்று பெயர். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் ரயிலேறி, கோட்டைப் பகுதிக்கு வேலைக்கு வரும் தமிழர்கள் பலர் தினமும் காலையும் மாலையும் மிதிக்கும் சாலை அது. தெற்குக் கோடியில், புளோரா பவுண்டன் அருகே, அவருடைய சிலை இருக்கிறது.

சிலையாக நிற்பவர் மன்னர் அல்ல, தளபதியும் அல்ல. கணக்கு வாத்தியார். இந்தியர் ஒருவருக்குத் தலைக்கு ஆண்டு வருமானம் என்ன என்று முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அவர். விடை 20 ரூபாய் என்று வந்தது. அந்த 20 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, அரை நூற்றாண்டு காலம் உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்திடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கும் அந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

சம்பளம் கட்டாமல் படித்த பையன்

தாதாபாய் 1825 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் பிறந்தார். குஜராத்தில் உள்ள நவ்சாரியிலிருந்து வந்த பார்சிக் குடும்பம். தகப்பனார் புரோகிதர். வசதி கிடையாது. பையனுக்கு நான்கு வயதாகும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மாணெக்பாய் படிக்காதவர். ஆனால் மகனைப் படிக்க வைத்தே தீருவது என்று உறுதியாக நின்றார். அக்கால வழக்கப்படி 11 வயதிலேயே தாதாபாய்க்குக் கலியாணமும் ஆகிவிட்டது. மனைவி குல்பாய்க்கு வயது 7.

அன்று பம்பாயில் ஒரு கல்விச் சங்கம் சம்பளம் வாங்காமல் பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. அங்கே சேர்ந்திராவிட்டால் தாதாபாய் படித்திருக்க முடியாது. கிட்டிப்புள் ஆட்டத்தில் பிரியம் உள்ள அந்தப் பையனுக்குக் கணக்கு சுலபமாக வந்தது. பிறகு எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தார். அங்கேயே ஆசிரியராகி, 1850-களின் நடுவில் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பேராசிரியரானார். அந்தக் கல்லூரியில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

தம்மைப் படிக்க வைத்தது ஊரார் பணம் என்பதை அவர் மறக்கவில்லை. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் ஏழைகளும்தான். ஆகவே வாங்கிய கடனைப் பொதுக் காரியத்தில்தான் அடைக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். 1849-ல் நண்பர்களோடு சேர்ந்து பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். கல்லூரி வேலை போக மீதி நேரத்தில் சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தினார்கள். பெண்கள் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று சொன்னவர்கள் ஏராளம். அவர்களை எதிர்த்து நிற்கத் தாயாரின் ஆதரவு அவருக்குப் பெரிய பலமாக இருந்தது. 1851-ல் ராஸ்த் கோப்தார் என்ற குஜராத்திப் பத்திரிகையையும் தொடங்கினார். உண்மை பேசுபவன் என்று அதற்குப் பொருள்.

கடல் கடந்த வியாபாரம்

1855-ல் தாதாபாய் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். காமா குடும்பத்தார் அங்கே தொடங்கிய வியாபாரக் கம்பெனியில் அவர் ஒரு பங்குதாரர். இங்கிலாந்தில் இந்தியர் நடத்திய முதல் கம்பெனி என்று அதைச் சொல்வார்கள். பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வியாபாரியாகப் போகிறாரே என்று வருந்தியவர்கள் உண்டு.

வியாபாரியாக அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. அபினியிலும் சாராயத்திலும் வரும் லாபத்தில் பங்கு வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. 1858-ல் கம்பெனியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு சொந்தமாகப் பருத்தி வியாபாரம் தொடங்கினார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் இருந்தார்.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து பருத்தி வருவது நின்றதால், லங்காஷயர் மில்களுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. பம்பாயில் பணம் கொழித்தது. சண்டை முடிந்ததும் விலை மளமளவென்று விழுந்தது. பம்பாயில் பெரிய பெரிய வியாபாரிகள் திவாலானார்கள். தாதாபாயின் கம்பெனியும் 1866-ல் நொடித்தது. எங்கோ ஒரு நாட்டில் நடக்கும் சண்டை இன்னொரு நாட்டில் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும், அணைத்தும் விடும் என்பதை அவர் சொந்த அனுபவத்தில் அறிந்துகொண்டார்.

அதே 1866-ல் ஒரிசாவில் கொடிய பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அவ்வளவு பேர் சாகிற நாட்டிலிருந்து ஆண்டு தவறாமல் பணம் மட்டும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது எப்படி? 1867 மே மாதம், லண்டனில் தாம் அமைத்த கிழக்கிந்தியச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் வசூலாகும் வரிப்பணத்தில் ஏறத்தாழ கால் பங்கு, நாட்டை விட்டே வெளியேறி இங்கிலாந்தின் செல்வத்தோடு சேர்ந்துவிடுகிறது என்று அதில் எடுத்துக் காட்டினார்.

கணக்கைப் போட்ட விதம்

நாடு ஏழையாகிறது என்று சொன்னால், ஆட்சியில் இருந்தவர்கள் நம்பவில்லை. ரயில் ஓடுகிறது, தந்தி வந்துவிட்டது, ஏற்றுமதி பெருகுகிறது, நாடு முன்னேறுகிறது என்றார்கள். தாதாபாய் வாதத்தை விட்டுவிட்டுக் கணக்கை எடுத்தார். சர்க்காரே அச்சிட்ட அறிக்கைகளை வாங்கினார். 1867 முதல் 1870 வரையுள்ள காலத்துக்கு மாகாணம் மாகாணமாக விளைச்சல் எவ்வளவு, விலை எவ்வளவு என்று பெருக்கிக் கூட்டினார்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். அப்போது ஒரு பவுனுக்கு 10 ரூபாய். பயிர் விளைச்சலின் மதிப்பு 277 கோடி ரூபாய். விதைக்காக நூற்றுக்கு 6 வீதம் கழித்தால் 260 கோடி. உப்பு, அபினி, நிலக்கரி, வியாபார லாபம் என்று 17 கோடி. கைத்தொழில் உற்பத்திக்கு 15 கோடி. மீன், பால், இறைச்சி வகைக்கு 15 கோடி. ஆகக் கூடுதல் 307 கோடி. எதையாவது விட்டிருக்கலாம் என்று இன்னும் 30 கோடி சேர்த்து, தாராளமாக 340 கோடி என்று வைத்துக்கொண்டார். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதியின் ஜனத்தொகை 17 கோடி. வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்.

சர்க்கார் அறிக்கைகளில் இருந்த பிழைகளையும் அவர் பிடித்தார். ஒரு மாகாணத்தின் சராசரி விளைச்சல் என்ன என்று காட்ட, ஜில்லாக்களின் கணக்கைக் கூட்டி ஜில்லாக்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். எந்த ஜில்லாவில் எத்தனை ஏக்கர் என்று பார்ப்பதில்லை. இது எவ்வளவு பெரிய பிழை என்பது டிக்கெட் கணக்கு எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு உடனே விளங்கும். ஒரு சிறு ஸ்டேஷனில் 20 ரூபாய் டிக்கெட் 10 விற்கிறது. பெரிய ஸ்டேஷனில் 5 ரூபாய் டிக்கெட் 1,000 விற்கிறது. 20-ஐயும் 5-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி டிக்கெட் 12 ரூபாய் 50 காசு என்று எழுதினால் மேலதிகாரி நோட்டை நம் முகத்தில் எறிவார். சரியான சராசரி 5 ரூபாய் 15 காசுதான். அப்படிப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே ஆண்டு வந்தார்கள் என்று தாதாபாய் சுட்டிக்காட்டினார்.

இந்தக் கணக்கை அவர் 1873-ல் பார்லிமெண்ட் கமிட்டி ஒன்றின் முன் வைத்தார். கமிட்டி வாங்கிக்கொண்டது. ஆனால் அறிக்கையோடு சேர்த்து அச்சிடவில்லை. பிறகு 1876-ல் பம்பாயில் அதைக் கட்டுரையாகப் படித்தார். இந்தியாவின் வறுமை என்ற தலைப்பில் 1878-ல் அது வெளிவந்தது.

20 ரூபாய் குறைவு என்று எதிர்ப்பு கிளம்பியது. நிதி மந்திரியாக இருந்த ஈவ்லின் பேரிங் 1882-ல் தலைக்கு 27 ரூபாய் என்றார். அந்த 27 எப்படி வந்தது, விவரம் தாருங்கள் என்று தாதாபாய் கேட்டார். விவரம் கிடைக்கவில்லை. 1901-ல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். தாதாபாயின் கணக்கிலும் ஊகம் கலந்திருந்தது என்பது உண்மை. கைத்தொழிலுக்கு அவர் போட்ட தொகை உத்தேசமே. ஆனால் அவருடைய வரவு வகைகள் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், திருத்தலாம்.

கைதிக்கும் கூலிக்கும் ஆன செலவு

20 ரூபாய் போதுமா, போதாதா? இதைத் தீர்மானிக்கத் தாதாபாய் கையாண்ட வழியை நாம் கவனிக்க வேண்டும். மனிதன் உயிர் வாழ என்ன வேண்டும் என்பதையும் அவர் சர்க்காரின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

முதலில் சிறைச்சாலைக் கணக்கை எடுத்தார். 1867-68-ல் ஒரு கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் சென்னை மாகாணத்தில் ஆண்டுக்கு 53 ரூபாய்க்கு மேல் ஆனது. பம்பாயில் 47 ரூபாய்க்கு மேல், வங்காளத்தில் 31 ரூபாய்க்கு மேல். திருடிவிட்டு உள்ளே போனவனுக்குச் சர்க்கார் செலவழித்த தொகை, நேர்மையாக உழைத்தவனுக்குக் கிடைத்த சராசரி வருமானத்தை விட அதிகம்.

அடுத்து அவர் எடுத்தது கூலிக் கப்பலின் சாப்பாட்டுப் பட்டியல். அந்தக் காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஏழைகளைக் கப்பலேற்றி மொரீஷியஸ், நேட்டால், மேற்கிந்தியத் தீவுகள் என்று கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பி வந்தார்கள். அவர்கள் வழியில் சாகாமல் போய்ச் சேர ஒரு நாளைக்கு என்ன சாப்பாடு தேவை என்று கல்கத்தாவில் இருந்த சர்க்கார் டாக்டர் 1870-ல் ஒரு பட்டியல் எழுதினார். அரிசி 20 அவுன்ஸ், பிறகு பருப்பு, பதப்படுத்திய ஆட்டிறைச்சி, காய்கறி, நெய், கடுகெண்ணெய், உப்பு. அதுவும் வேலை செய்யாமல் கப்பலில் சும்மா உட்கார்ந்து வருபவனுக்கு. அந்தச் சாமான்களை ஆமதாபாத் கடை விலைக்கு வாங்கினால் ஆண்டுக்கு 60 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று தாதாபாய் கணக்கிட்டார்.

20 ரூபாய் என்பதை 27 என்று திருத்தினாலும் 30 என்று திருத்தினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. அந்த 20-ம் சராசரிதான். ராஜாவுக்கும் சாகுபடிக்காரனுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. கீழே இருந்தவனுக்கு அதுகூட இல்லை. ஊரில் வயிறு நிறையாதவன்தான் முன்பின் தெரியாத தீவுக்குக் கப்பலேறினான் என்பது, அந்தச் சாப்பாட்டுப் பட்டியலையும் 20 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் விளங்கிவிடும்.

பணம் போன வழி

அப்படியானால் நாட்டின் செல்வம் எங்கே போயிற்று? ஒரு நாடு 100 ரூபாய்ச் சரக்கை ஏற்றுமதி செய்தால், லாபமும் சேர்த்து 100 ரூபாய்க்கு மேல் சரக்கோ பணமோ திரும்பி வர வேண்டும். இந்தியாவின் கணக்கு நேர்மாறாக இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு போனது அதிகம், வந்தது குறைவு. அந்த வித்தியாசம் எங்கே போயிற்று என்று தாதாபாய் தேடினார். லண்டன் அலுவலகத்தின் செலவு, பட்டாள செலவு, கடனுக்கு வட்டி, வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே சம்பாதித்து ஊருக்கு அனுப்பிய சேமிப்பு, ஓய்வு பெற்றபின் இங்கிலாந்தில் இருந்தபடியே வாங்கிய பென்ஷன், இப்படிப் பல வாய்க்கால்கள். எல்லாவற்றிலும் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடியது. இதைத்தான் செல்வ வடிகால் என்று பாடப் புத்தகங்களில் படிக்கிறோம்.

பணத்தோடு இன்னொன்றும் போயிற்று என்றார் அவர். முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்த அதிகாரி கப்பலேறும்போது அவருடைய அனுபவமும் கூடவே கப்பலேறிவிடுகிறது. ஊர்ப் பெரியவராக இருந்து நாலு பேருக்கு யோசனை சொல்ல அவர் இங்கே இருப்பதில்லை. அந்த நாற்காலியில் உட்கார வேண்டிய இந்தியனுக்கோ பழகவே சந்தர்ப்பம் கிடைப்பதில்லை.

ரயில்வே பற்றி அவர் சொன்னது நமக்கு மிகவும் பொருத்தம். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியபோது தாதாபாய் இதே ஊரில்தான் இருந்தார். 1856-ல் தெற்கே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. ரயில் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ரயில் ஒரு மூட்டை நெல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகுமே தவிர, ஒரு படி நெல்லை விளைவிக்காது. இதை மறக்காதீர்கள் என்றார். மேலும், கம்பெனிகள் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி கிடைக்கும் என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. லாபம் குறைந்தால் இந்தியக் குடியானவனின் வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டினார்கள். அமெரிக்காவும் வெளியே கடன் வாங்கித்தான் ரயில் போட்டது. ஆனால் அங்கே வெளியே போனது வட்டி மட்டும். வேலையும் சம்பளமும் அனுபவமும் அந்த நாட்டிலேயே தங்கின. அந்த வித்தியாசத்தைத்தான் அவர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்.

ஐந்து ஓட்டு

இடையில் சிறிது காலம் பரோடா சமஸ்தானத்தில் திவானாக இருந்து, லஞ்சத்தையும் ஊழலையும் அடக்கப் பாடுபட்டார். 1875 தொடக்கத்தில் அந்தப் பதவியை விட்டு விலகினார். பம்பாய் மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் பிறந்தபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர்.

பம்பாயில் எவ்வளவு பேசினாலும், தீர்மானம் லண்டனில்தான் ஆகிறது என்று அவருக்குத் தெரியும். அறுபது வயதில் மறுபடியும் அங்கே போய்த் தேர்தலில் நின்றார். 1886-ல் ஹோல்பார்ன் தொகுதியில் தோற்றார். கறுப்பு மனிதனை ஆங்கிலேய வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கமாட்டார்கள் என்ற பொருளில் 1888-ல் பிரதமர் சால்ஸ்பரி பேசினார். அந்தப் பேச்சு தாதாபாயின் பெயரை நாடு முழுவதும் பரப்பிவிட்டது. 1892-ல் பின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியில் தாதாபாய்க்கு 2,961 ஓட்டு, எதிராளிக்கு 2,956. ஐந்தே ஓட்டில் அவர் காமன்ஸ் சபைக்குள் போனார். ஜொராஸ்திர வேதப் புத்தகத்தைத் தொட்டுப் பதவிப் பிரமாணம் செய்தார்.

1893 ஜூன் மாதம், சிவில் சர்வீஸ் பரீட்சையை லண்டனில் நடத்துவது போலவே இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் சபையில் 84-க்கு 76 என்று நிறைவேறியது. சர்க்கார் அதை மாகாணங்களின் கருத்துக்கு அனுப்பிக் கிடப்பில் போட்டுவிட்டது. ஆதரித்துப் பதில் எழுதிய மாகாணம் ஒன்றே ஒன்று. அது சென்னை. பரீட்சை இந்தியாவுக்கு வந்தது 1922-ல்தான்.

அந்த 1893 அவருக்குத் துக்க ஆண்டும்கூட. டாக்டராக இருந்த மகன் அர்தேஷிர் இந்தியாவில் காலமானார். அப்போது தகப்பனார் லண்டனில். அந்த ஆண்டு டிசம்பரில் லாகூர் காங்கிரசுக்குத் தலைமை வகிக்க அவர் வந்தபோது, வழியெங்கும் ஜனங்கள் திரண்டு வரவேற்றார்கள். தூர தேசத்தில் இருக்கும்போது வீட்டில் இழவு விழுவது என்ன என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேட்டாலிலிருந்து வந்த கடிதங்கள்

1895 தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் வேலை நிற்கவில்லை. இந்தியாவின் செலவுகளை விசாரிக்க அதே ஆண்டில் அமைத்த வெல்பி கமிஷனில் அவரும் உறுப்பினர். 1897-ல் அந்தக் கமிஷன் முன் சாட்சி சொல்லச் சென்னையிலிருந்து போனவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். தி ஹிந்து, சுதேசமித்திரன் என்ற இரண்டு பத்திரிகைகளையும் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1885 காங்கிரசில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. தாதாபாய் ஆங்கிலத்தில் போட்ட கணக்கின் சாரம் தமிழ் வாசகனுக்கு வந்து சேர்ந்த வழிகளில் சுதேசமித்திரன் ஒன்று. பாரதியாரும் தாதாபாயைப் போற்றிப் பாடியிருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ட்ரூரோ என்ற அந்தக் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1894-ல் அங்கே இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்கச் சட்டம் வந்தபோது, இளம் வக்கீலான காந்தி உதவி கேட்டுக் கடிதம் எழுதியது லண்டனில் இருந்த தாதாபாய்க்கு. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் மீது 1895-ல் 3 பவுன் தலைவரி விதித்தார்கள். இந்த மாதிரிக் குறைகளையெல்லாம் தாதாபாய் குடியேற்ற நாடுகளின் மந்திரி அலுவலகம் வரை கொண்டு போனார். அந்தக் கூலிகளில் தமிழர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் தாதாபாயின் பெயரைக் கேட்டிருப்பார்களோ தெரியாது. அவர்களுக்காக அவர் மனு எழுதினார். அவர்களுடைய சாப்பாட்டுப் பட்டியலை வைத்துத்தான் அவர் முன்பு ஒரு தேசத்தின் பசியை அளந்திருந்தார்.

புத்தகமும் சுயராஜ்யமும்

இவ்வளவு காலம் எழுதியதையும் பேசியதையும் சேர்த்து 1901-ல் லண்டனில் ஒரே புத்தகமாக வெளியிட்டார். இந்தியாவின் வறுமையும் பிரிட்டிஷ் பண்புக்கு ஒவ்வாத ஆட்சியும் என்பது தலைப்பின் பொருள். 600 பக்கங்களுக்கு மேல். எடுத்தவுடன் ருசியாகப் படிக்கும் புத்தகம் என்று சொல்ல முடியாது. சொன்னதையே சொல்லியிருப்பார், பட்டியல் மேல் பட்டியலாக வரும். ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் இந்த நான்கும் தெரிந்தவன் அதன் வாதத்தைப் பின்தொடரலாம். பொருளாதாரம் பண்டிதர் விஷயம், பாமரனுக்குப் புரியாது என்ற மிரட்டல் அதில் கிடையாது.

தலைப்பிலேயே அவருடைய நம்பிக்கையும் தெரிகிறது. பிரிட்டிஷ் மக்கள் நியாயவான்கள், கணக்கைச் சரியாகக் காட்டினால் திருந்துவார்கள் என்று நெடுங்காலம் நம்பினார். இளைஞர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. திருந்துவதுதான் நடக்கவில்லை. 1904-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டுக்குப் போய் இந்தியாவின் நிலையை எடுத்துச் சொன்னார். 1906-ல், 81 வயதில், மூன்றாம் முறையாகக் காங்கிரஸ் தலைவராகி, கல்கத்தா மாநாட்டில் சுயராஜ்யமே லட்சியம் என்று அறிவித்தார்.

1907-ல் இந்தியா திரும்பி, இன்று மும்பையின் புறநகராக உள்ள வெர்சோவா கடற்கரையில் ஓய்வாக வாழ்ந்தார். 1916-ல் பம்பாய் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1917 ஜூன் 30 அன்று 91-ம் வயதில் காலமானார். பிறகு அவருடைய பேத்திகள் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார்கள்.

நமக்குள்ள கேள்வி

நம்மில் பெரும்பாலோர் மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். அன்று மணியார்டர், இன்று கைபேசி. 1960-களின் கடைசியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்த நகரில் குரல் கிளம்பியபோது, வெளியூர்க்காரன் வேலையைப் பறிக்கிறான், பணத்தைக் கொண்டு போகிறான் என்ற பேச்சு அடிபட்டது. தாதாபாயின் கணக்கை மேலோட்டமாகப் படித்தவர் ஒருவர், நீங்கள் அனுப்புவதும் வடிகால்தானே என்று கேட்கக்கூடும். அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் ஊர் தாண்டுவதைத் தாதாபாய் குற்றம் சொல்லவில்லை. அவரே கடல் தாண்டிப் போய்ப் பிழைத்தவர், அங்கே ஓட்டுக் கேட்டவர். போனதற்கு ஈடாக என்ன வந்தது, கொடுத்தவனுக்கு அதில் பேச உரிமை இருந்ததா, இவைதான் அவர் கேட்டவை. பஞ்சத்தில் செத்த ஒரிசாக் குடியானவனை யாரும் கேட்கவில்லை. அவனுக்கு ஓட்டு இல்லை. லண்டனில் பென்ஷன் வாங்கியவர் அவனுக்குத் திருப்பித் தந்தது எதுவும் இல்லை. நம்முடைய கணக்கு வேறு. இங்குள்ள மில்லிலும் துறைமுகத்திலும் தோல் பட்டறையிலும் அலுவலகத்திலும் உழைப்பை முதலில் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்கினோம். அதில் பெரும் பகுதி வாடகையாகவும் அரிசியாகவும் பள்ளிக்கூடச் சம்பளமாகவும் இங்கேயே செலவாகிறது. மிச்சம்தான் ஊருக்குப் போகிறது.

ஆனால் அந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்பும். ஊருக்குப் போகும் பணம் அங்கே என்ன விளைவித்தது? ஒரு கிணறா, ஒரு பிள்ளையின் படிப்பா, அல்லது வட்டிக்கடைக்காரருக்கு லாபமா? நமக்குக் கிடைத்த படிப்பை யார் பணத்தில் படித்தோம், அதை எங்கே அடைத்தோம்? சம்பளம் கட்டாமல் படித்த ஒரு பம்பாய்ப் பையன், அந்தக் கடனை அடைக்க 91 வயது வரை உழைத்தான். அடுத்த தடவை புளோரா பவுண்டன் பக்கம் போகிறவர்கள், அந்தச் சிலையின் முன் ஒரு நிமிஷம் நின்று தங்கள் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.